பதினோரு வரி

லிஃப்டை ஓட்டும் பதினாறு பிட் சிப்புக்கு அசெம்பிளி மொழியில் புரோகிராம் எழுதுகிற பட்டறை ஒன்று மதுரையில் இருந்தது. அங்கே குரு, வைரமணி டீச்சர். வயது முப்பத்திரண்டு. சீடர் பொன்னையாவுக்கு ஐம்பத்தைந்து. கிரீஸ் கையோடு வந்து கீபோர்டு பழகிய மனுஷன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பொன்னையா ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

"முதலாளிகிட்ட புகார் குடுக்கப் போறேன் டீச்சர். நாளைக்கு முதியோர் இல்லத்துல லிஃப்டை ஓடவிடணும். இங்க சோதனையில தளத்தை நாலு விரக்கடை தாண்டிப் போய் நிக்குது. பெருசுங்க தடுக்கி விழுந்தா இடுப்பு போயிரும். பிரேக் பகுதி எழுதினது நம்ம செபஸ்தியான். அவன் வேலை போனாலும் போகட்டும்."

"ரெண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில சாப்பிடுறவங்களாச்சே."

"மூணு நாளா இல்லை."

"தப்பு அவருதுன்னு யார் சொன்னா?"

"டீபக்கர்."

டீபக்கர் என்பது புரோகிராமை அடி அடியாக நடக்கவிட்டுக் காட்டுவது. இடத்தை எண்ணால் சொல்ல வேண்டாம். நாம் வைத்த பெயரைச் சொன்னால் அங்கே போய் நிற்கும். எந்தப் பெயர் எந்த எண்ணில் என்பது தனியே ஒரு பட்டியலில் இருக்கும்.

"'பிரேக்'னு கூப்பிட்டேன். அங்க பிரேக் போடுற வரியே இல்லை. கன்னாபின்னான்னு கிடக்கு."

டீச்சர் ஒரு கவரை எடுத்து நீட்டினாள். "இதை மாடியில பல் டாக்டர்கிட்ட குடுத்துட்டு வந்துருங்க. கீழ ரூம் நம்பர் போர்டைப் பார்த்துட்டுப் போங்க."

பொன்னையா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"போர்டுல ஆறாம் ரூம்னு போட்டிருக்கு. அங்க ஒரு அம்மா ஜாக்கெட் தைக்குது. பல் டாக்டரான்னு கேட்டேன், வாயைத் திறங்க, ஊசி இருக்குங்குது."

"அப்ப டாக்டர் ஓடிப்போயிட்டாரா?"

"எங்க ஓடுறாரு, ஏழுல இருக்காரு. குடுத்துட்டேன். ரெண்டாம் ரூமைத் தடுத்து ரெண்டாக்கிட்டாங்களாம். அதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணு தள்ளிப் போச்சு. போர்டைத்தான் யாரும் மாத்தலை."

"உங்க பட்டியல் எப்ப எடுத்தது அண்ணே?"

"திங்கக்கிழமை."

"புரோகிராம்ல எப்பக் கை வெச்சீங்க?"

"செவ்வாய். கதவு சாத்தியிருக்கான்னு பார்க்க நடுவுல பதினோரு வரி..."

பொன்னையா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

பட்டியலைப் புதிதாக எடுத்தார்கள். 'பிரேக்' என்றதும் டீபக்கர் செபஸ்தியானின் வரிகளில் போய் நின்றது. அவை ஒழுங்காகவே இருந்தன. அங்கே வருவதற்கு முன்னால், கதவைப் பார்க்கும் பதினோரு வரிக்குள் புரோகிராம் சுற்றிச் சுற்றி நேரம் கடத்தியது. நாலு விரக்கடை அங்கேதான் இருந்தது.

பொன்னையா கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன் டீச்சர்?"

"தூக்குச்சட்டியை எடுத்துட்டுப் போங்க அண்ணே. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. ஆனா திங்கக்கிழமை உட்கார்ந்திருந்த இடத்துல தேடாதீங்க. அவரை நீங்க தள்ளி உட்கார வெச்சு மூணு நாளாச்சு."