மத்தவங்களைத் தேடிய சொக்கம்பூண்டி

சொக்கம்பூண்டியில் முட்டாள் என்று ஒருவர்கூடக் கிடையாது. சந்தேகம் இருந்தால் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பாருங்கள், ஒருவராவது ஒத்துக்கொள்கிறாரா பார்ப்போம். முந்நூறு ஓட்டு உள்ள ஊர். பக்கத்து ஊர் பிடாரிமேட்டில் இருநூறு ஓட்டு. இரண்டு ஊருக்கும் ஒரே ஏரி, ஒரே மதகு, மதகுப் பூட்டுக்கு ஒரே சாவி. ஏரிச் சங்கத் தலைவர் யாரோ, அவர் இடுப்பில்தான் அந்தச் சாவி தொங்கும்.

பன்னிரண்டு வருஷமாக அது பிடாரிமேட்டுத் தாண்டவராயன் இடுப்பில் தொங்கியது. முந்நூறு இருக்க இருநூறு எப்படி ஜெயிக்கும் என்று கேட்பீர்கள். நீங்கள் கணக்குப் படித்தவர், கேட்பீர்கள். ஒவ்வொரு தேர்தலிலும் சொக்கம்பூண்டியிலிருந்து ஒன்பது பேர் நின்றார்கள். ஆளுக்கு முப்பத்துச் சொச்சம் வாங்கி, ஒன்பது பேரும் தோற்றார்கள். ஆனால் ஒன்பது ஊர்வலம் நடந்தது, அதில் குறையே இல்லை.

இதில் நன்றாகக் காய்ந்தவன் சோணாசலம். அவன் வயல் கடைமடையில் இருந்தது. தாண்டவராயன் மனது வைத்துத் தண்ணீர் விட்டாலும் அது அவன் வரப்பை எட்டுவதற்குள் வாய்க்காலே குடித்துவிடும். மூன்று போகம் கருகிவிட்டது. நான்காவதற்கு விட்ட நாற்றை அவன் மனைவி தையல்நாயகி குடத்தில் தண்ணீர் சுமந்து உயிரோடு வைத்திருந்தாள்.

"இதும் காஞ்சுதுன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க அந்த வாய்க்காலையே கட்டிக்கிட்டு குடும்பம் நடத்துங்க" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அந்த வருஷம் தேர்தல் நடத்த வந்த அதிகாரி ஊரைக் கூட்டி வைத்து, "இனிமே ஊருக்கு ஒருத்தர்தான் நிக்கலாம். எனக்குப் பிடிச்சவர், என் மச்சான்னு பார்க்காம, ஜெயிக்கிற ஆளாப் பார்த்து நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல மனுஷர். யாரிடம் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

நிற்க ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். அமிர்தவல்லி ஒருத்தி, ஏகாம்பரம் ஒருவன். இரண்டு பேரையும் பேசவிட்டுப் பார்த்து முடிவு செய்வது என்று பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். நடுவராகக் கோதண்டம் உட்கார்ந்தார். ஊரில் யோசிக்கத் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர் அவர். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார் என்பதால் அந்தப் பெயர்.

அமிர்தவல்லி எழுந்தாள். "மதகு துருப்பிடிச்சுக் கிடக்கு. மொதல்ல அதுக்கு எண்ணெய் போடணும். செவ்வாய், வெள்ளி தண்ணி திறக்கணும். கடைமடைக்கு மொதல்ல, தலைமடைக்கு அப்புறம். அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டாள். சோணாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடைமடையே அவன்தானே.

அடுத்து ஏகாம்பரம். "என் அருமைச் சொக்கம்பூண்டியே!" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் அதையே ஏற்றியும் இறக்கியும் சொன்னான். நடுவில் தொண்டை கட்டிப்போய், ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து, வாயில் படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தான். மைதானமே கைதட்டியது.

கூட்டம் கலைந்ததும் அலசல் ஆரம்பித்தது.

"பார்த்தியா, ஒரு சொட்டு சிந்தலையே. ஏரியைக் குடுத்தாலும் இப்படித்தான் சிந்தாம பார்த்துக்குவான்" என்றார் ஒருவர்.

"அந்தம்மா தண்ணியே குடிக்கலையே. தண்ணி குடிக்காதவளுக்கு ஏரி எதுக்கு?" என்றார் இன்னொருவர்.

"பேச்சும் சுருக்கம். எல்லாம் புரிஞ்சுபோச்சு. புரியற மாதிரி பேசறவங்களை எப்படி நம்பறது?"

சோணாசலம் தயங்கித் தயங்கி, "எனக்கு அமிர்தவல்லி அக்கா சொன்னதுதாண்ணே சரியாப்பட்டுது" என்றான்.

கோதண்டம் அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "உண்மையைச் சொல்லணும்னா எனக்கும் அதான். ஆனா நமக்குப் பிடிச்சா போதுமா? அதிகாரி என்ன சொன்னாரு? பிடிச்சவங்களைப் பார்க்கக் கூடாது, ஜெயிக்கிறவங்களைப் பார்க்கணும். மத்தவங்க அவளுக்குப் போடுவாங்களா?"

அதானே! மத்தவங்களைக் கேட்காமல் எப்படி? மறுநாளே இரண்டு பேரும் வீடு வீடாகக் கிளம்பினார்கள்.

முதல் வீட்டில், "எனக்கு அமிர்தவல்லிதான். ஆனா மத்தவங்க போட மாட்டாங்களே" என்றார்கள். இரண்டாம் வீட்டில் அதையே சொன்னார்கள். பத்தாவது வீட்டில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்கள். ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனார்கள். அவன் கதவைச் சாத்திவிட்டு, "அண்ணே, வெளிய சொல்லிடாதீங்க. அந்தம்மா சொன்னதுதான் நியாயம். மத்தவங்களுக்குப் பிடிக்காதேன்னுதான் நான் நிக்கறேன்" என்றான்.

முந்நூறு பேரையும் கேட்டாகிவிட்டது. முந்நூறு பேருக்கும் அமிர்தவல்லியைத்தான் பிடித்திருந்தது. சோணாசலத்தின் முகம் விழுந்துவிட்டது.

"என்னண்ணே இது, ஊர்ல ஒருத்தர் விடாம கேட்டாச்சு. மத்தவங்க ஒருத்தரும் கண்ணுல படலையே!"

கோதண்டம் கண்ணை மூடினார். "படமாட்டாங்க. நாம வர்றது தெரிஞ்சு ஒளிஞ்சிருக்காங்க. எவ்வளவு பேரா இருந்தா இவ்வளவு கட்டுப்பாடா ஒளிவாங்க!"

ஊர் பயந்துவிட்டது. வைக்கோற்போரைக் கம்பால் குத்திப் பார்த்தார்கள். கோயில் தேர்க்கொட்டகையில் தேடினார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "மத்தவங்களே, யாருக்கு ஓட்டு?" என்று கத்தினார்கள். "ஓட்டு" என்று பதில் வந்தது. சின்னத்தைச் சொல்லவில்லை.

கடைசியில், நம்ம ஊரில் இல்லையென்றால் அடுத்த ஊரில்தான் இருக்க வேண்டும் என்று கோதண்டம் கண்டுபிடித்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களுக்குத் தூரம் ஒரு பொருட்டா? பிடாரிமேட்டுக்குப் போய் முதலில் எதிர்ப்பட்டவரைக் கேட்டார்கள்.

"நாங்களா? எப்பவும் போல தாண்டவராயனுக்குத்தான்."

இரண்டாமவரும் தாண்டவராயன் என்றார். இருநூறு பேரும் அதையே சொன்னார்கள். ஒருவர்கூட 'மத்தவங்க' என்று இழுக்கவில்லை.

"கிடைச்சுட்டாங்கடா!" என்று கோதண்டம் சோணாசலத்தைக் கட்டிக்கொண்டார். "இவங்கதான் மத்தவங்க. இவங்க போடறது தாண்டவராயனுக்கு. பன்னண்டு வருஷமா ஜெயிக்கிற ஆளும் அவன்தான். அப்ப நாம நிறுத்த வேண்டியது யாரை?"

சோணாசலத்துக்கு ஏதோ இடித்தது. "அண்ணே, அவனை எதிர்த்துத்தானே நாம நிக்கறோம்?"

"எதிர்த்து நின்னா தோக்கறோம். சேர்த்து நிறுத்தினா ஜெயிக்கிறோம். உனக்குத் தண்ணி வேணுமா, வேணாமா?"

வேண்டும். மேளக்காரரைக் கூப்பிட அவனே ஓடினான்.

மேளம் அடித்துக்கொண்டு போய், எங்கள் ஊர் சார்பில் நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். தாண்டவராயன் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் மாலைக்குக் கழுத்தை நீட்டினான். பழம் நழுவிப் பாலில் விழுந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

திரும்பி வரும் வழியில் ஒரு சங்கடம் முளைத்தது. பிடாரிமேட்டுக்கு இப்போது ஆள் இல்லையே!

"பாவம், இருந்த ஒரே ஆளையும் நாம எடுத்துக்கிட்டோம்" என்றார் கோதண்டம். "பொண்ணு எடுத்தா பொண்ணு குடுக்கறதுதானே நம்ம ஊர் வழக்கம்? வெறுங்கையோட வந்தா நாளைக்கு ஒரு பேச்சு வந்துடும்."

வழக்கத்தை மீற முடியுமா? நம் ஊரில் ஜெயிக்க முடியாதவர் யார் என்று பார்த்து, வெற்றிலை, பாக்கு, பூ, பழத்தோடு அமிர்தவல்லியை அனுப்பி வைத்தார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டே போனாள். "எந்த ஊர் சார்பா நின்னா என்ன, எண்ணெய் போடற மதகு ஒண்ணுதானே" என்று சொல்லிக்கொண்டாள். தாண்டவராயனும் தட்டை வாங்கிக்கொண்டான். முந்நூறும் இருநூறும் தன் பக்கம் இருக்க, அவளுக்குப் போட யார் இருக்கிறார்கள்?

ஓட்டு நாள் வந்தது. தாண்டவராயனுக்குப் பூட்டுச் சின்னம். அமிர்தவல்லிக்குக் குடம். தடுப்புக்குப் பின்னால் தனியாக நின்றபோது சோணாசலத்துக்கு மனசு அடித்துக்கொண்டது. 'ஊரே பூட்டுக்குப் போடப்போகுது. என் ஒரு ஓட்டு குறைஞ்சா குடியா முழுகிடும்? மனசுக்குப் பிடிச்சதுக்குப் போட்டுட்டுப் போவோம்' என்று குடத்தில் ஒரு குத்துக் குத்திவிட்டு, முகத்தைப் பூட்டு மாதிரி வைத்துக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்கு முன்னால் போன கோதண்டமும் அதே முகத்தோடுதான் வந்தார். பின்னால் போன ஏகாம்பரமும் அப்படித்தான் வந்தான்.

எண்ணினார்கள். பூட்டு இருநூறு. குடம் முந்நூறு.

சொக்கம்பூண்டியில் அன்று அடுப்பு எரியவில்லை. "தோத்துட்டோமே! ஜெயிக்கிற ஆளை நிறுத்தியும் தோத்துட்டோமே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். தாண்டவராயனும் அழுதான். அவன் அழுகை ஒன்றுதான் நியாயமானது.

செவ்வாய்க்கிழமை காலை அமிர்தவல்லி மதகுக்கு எண்ணெய் போட்டுத் திறந்தாள். தண்ணீர் தலைமடையைத் திரும்பிப் பார்க்காமல் நேராகக் கடைமடைக்கு ஓடி வந்தது. தையல்நாயகி வயலில் இறங்கி நாலு கை நாற்று நட்டுவிட்டு, நடவு ஆட்களுக்குக் கஞ்சி காய்ச்ச வீட்டுக்கு ஓடினாள். சோணாசலம் முழங்கால் தண்ணீரில் நின்று விம்மி விம்மி அழுதான். ஆற்றாமை தாங்காமல் வீட்டுக்குப் போய் ஒரு செம்பு கஞ்சி குடித்துவிட்டு, மறுபடி வந்து அழுதான்.

அப்போது கோதண்டம் ஊரைக் கூட்டிக்கொண்டு, கையில் தடியோடு வந்தார்.

"அழாதேடா. துரோகிங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சு. பிடாரிமேட்டு இருநூறும் பூட்டுக்குத்தான் போயிருக்கு. அப்ப குடத்துக்குப் போட்ட முந்நூறு பேர் யாரு?"

"யாருண்ணே?"

"மத்தவங்க! நாம முந்நூறு பேர், அவங்க முந்நூறு பேர். இந்த ஊர்ல அறுநூறு பேர் இருக்கோம்டா, நமக்கே தெரியாம!"

சோணாசலம் சுற்றும் முற்றும் பார்த்தான். குனிந்தவன், "அண்ணே, இங்க பாருங்க!" என்று அலறினான். வரப்புச் சேற்றில் புத்தம்புதிதாக ஒரு காலடித் தடம். வயலிலிருந்து ஏறி ஊர்ப்பக்கம் போயிருந்தது.

தடத்தைப் பிடித்துக்கொண்டு ஊரே பூனைபோல நடந்தது. வாய்க்கால் கரை, புளியமரம், தெருமுனை என்று சுற்றி, தடம் சோணாசலத்தின் வீட்டு வாசற்படி ஏறி உள்ளே போய்விட்டது.

கோதண்டம் கதவைத் தட்டினார். தையல்நாயகி எட்டிப் பார்த்தாள்.

"உள்ள யாரும்மா இருக்கறது?"

"யாரு இருப்பாங்க? இந்த வீட்ல என்னையும் எங்க வீட்டுக்காரரையும் விட்டா வேற யாரும் இல்லையே."

சோணாசலம் முகம் வெளிறிப்போய், கோதண்டத்தின் காதோடு சொன்னான்:

"அண்ணே, அவ சொல்றதைக் கேட்டீங்களா? அந்தப் பாவி, வீட்டுக்காரர்னே சொல்லிக்கிட்டு உள்ள இருக்கான்!"