நிழலஞ்சி

மலைகள் எல்லாம் இன்னும் இளசாக இருந்த காலத்தில், மேகம் இறங்கி வந்து மரக்கிளைகளில் உட்கார்ந்துகொள்ளும் ஒரு மலைநாட்டில், அஞ்சுகம், சேந்தி என்று அக்காளும் தங்கையும் இருந்தார்கள். மூலிகை பறித்து வைத்தியர்களுக்குக் கொடுப்பது அவர்கள் தொழில்.

அந்த நாட்டு மூலிகைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தெரியாத செடியைக் கண்டால் பறிப்பார்கள், கசக்குவார்கள், முகர்வார்கள். மணத்தை வைத்துப் பெயர் சொல்லிவிடுவார்கள். பறி, கசக்கு, முகர். அங்கே பிள்ளைகள் முதலில் கற்பது இந்த மூன்றைத்தான்.

அஞ்சுகம் அதில் கெட்டிக்காரி. சேந்தியோ எந்தச் செடியைக் கண்டாலும் அதன் எதிரில் நின்றுவிடுவாள். அக்காள் வேலை செய்யும்போதும் அப்படித்தான், சத்தம் போடாமல் பின்னால் வந்து நிற்பாள்.

"என்னடி வேடிக்கை? நீ வாயே திறக்க வேணாம். உன் நிழல் விழுந்தாலே எனக்குத் தெரியும்" என்று திரும்பாமலே சொல்வாள் அஞ்சுகம்.

ஓர் இளவேனிலில், வேங்கை மரங்கள் மஞ்சளாய்ப் பூத்திருந்தபோது, இருவரும் இதுவரை போகாத காட்டுக்குள் போனார்கள். மரத்தடி முழுக்க ஒரு சிறு பூ. கட்டைவிரல் நகம் அளவு, ஐந்து வெள்ளை இதழ், நடுவில் ஊதாப் பொட்டு. இருவருமே பார்த்ததில்லை.

அஞ்சுகம் ஒன்றைப் பறித்தாள், கசக்கினாள், முகர்ந்தாள். மணம் இல்லை. எறிந்துவிட்டு இன்னொன்றைப் பறித்தாள், கசக்கினாள், முகர்ந்தாள். மணம் இல்லை. மூன்றாவதையும் பறித்துக் கசக்கி முகர்ந்தபோது, ஒரு வேங்கை மரம் பிளந்து, பாசி படர்ந்த தாடியோடு மந்திரவாதி ஒருவன் வெளியே வந்தான்.

"மூன்றைக் கொன்றாயே, பெயர் தெரிந்ததா?"

"இல்லீங்க அய்யா. பேரு தெரியணும்னுதான் பறிச்சேன்."

"அப்படியானால் நீயும் கொஞ்ச நாள் பூவாக இருந்து பார்."

அவன் விரலைச் சொடுக்கினான். அஞ்சுகத்தின் கூடை தரையில் உருண்டது. அவளைக் காணவில்லை. ஆயிரம் பூக்களோடு இன்னொன்று கூடியிருந்தது.

"மூன்றாம் நாள் பொழுது சாயும்போது இவை உதிரும்" என்றான் சேந்தியிடம். "அதற்குள் நீ ஒரே ஒரு பூவைத் தொடலாம். அது உன் அக்காளாக இருந்தால் எழுந்து வருவாள். இல்லாவிட்டால் மற்றவற்றோடு அவளும் உதிர்வாள்."

முதல் நாள் சேந்தி ஒரு பூவின் மேல் குனிந்தாள். அது மூடிக்கொண்டது. அடுத்ததன் மேல் குனிந்தாள். அதுவும் மூடிக்கொண்டது. காட்டின் ஓரத்தைத் தாண்டுவதற்குள் மாலையாகிவிட்டது.

"தெரிந்ததா?" என்றான் மந்திரவாதி.

"இல்லீங்க அய்யா. என் நிழல் பட்டாலே மூடிக்குது."

"பறிக்க வருகிறவர்களின் நிழல்தான் முதலில் வரும்" என்றான் அவன்.

இரண்டாம் நாள் தன் நிழல் எதன்மேலும் படாதபடி தரையோடு தரையாகப் படுத்து நகர்ந்தாள். இதழின் நரம்பு, காம்பின் மயிர், இலையின் விளிம்பு என்று ஒன்று விடாமல் பார்த்தாள். அஞ்சுகத்தின் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. எந்த இதழிலும் தழும்பு இல்லை.

"தெரிந்ததா?"

"இல்லீங்க அய்யா. எல்லாம் ஒண்ணுபோலவே இருக்கு."

மூன்றாம் நாள் இதழ்களின் ஓரம் பழுப்பேறியது. சேந்தி எழுந்து உட்கார்ந்து யோசித்தாள். 'இரண்டு நாளாக நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கா இப்போது அக்கா மாதிரி இல்லை. நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனால் நான் இன்னும் நானாகத்தானே இருக்கிறேன். அவளுக்கு என்னைத் தெரியாதா?'

காட்டின் மறுகோடிக்குப் போனாள். அங்கிருந்து, தன் நிழல் எல்லாப் பூக்களின் மேலும் விழும்படி வரிசை வரிசையாக நடந்தாள். பூக்கள் மூடின, மூடின, மூடிக்கொண்டே போயின. கடைசியில் மூன்று மட்டும் திறந்திருந்தன.

முதல் பூவை உற்றுப் பார்த்தாள். காம்பு துவண்டிருந்தது. வாடிப்போனது எப்படி மூடும்? இரண்டாவதற்குள் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. மூட முயன்று இதழ்கள் நடுங்கின. மூன்றாவது பூவின் காம்பு நிமிர்ந்திருந்தது. உள்ளே வண்டும் இல்லை. சேந்தி விலகி நின்றாள், திரும்பி வந்தாள். நிழல் முழுக்க அதன்மேல் விழுந்தது. அது மூடவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மந்திரவாதி பக்கத்தில் வந்து நின்றான்.

"நிச்சயமாகத் தெரியுமா? தொட்டுத் தவறிப்போனால் போனதுதான். நீ தொட வேண்டாம், நானே பறித்துத் தருகிறேன். கசக்கி முகர்ந்து பார். உன் அக்காளின் தலை எண்ணெய் மணக்கும். உங்கள் வழக்கம்தானே?"

சேந்தி அவன் கைக்கும் பூவுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நிச்சயமாத் தெரிஞ்சிடும் அய்யா. தெரிஞ்ச பிறகு யாரைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறது?"

குனிந்து, ஒற்றை விரலால் இதழைத் தொட்டாள். "அக்கா, வா, போகலாம்."

காற்று வீசியது. காடு முழுக்க வெள்ளை இதழ்கள் உதிர்ந்தன. நடுவில், தலையெல்லாம் இதழாக, அஞ்சுகம் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளா என்னைத் தேடினியே, ஒரு வாய் சாப்பிட்டியாடி?" என்றாள். பிறகு மெதுவாக, "மான் நிழல் பட்டாலும் பயந்தேன், குருவி நிழல் பட்டாலும் பயந்தேன்..." என்று சொல்லி நிறுத்தித் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மந்திரவாதி முதன்முறையாகச் சிரித்தான். "இந்தப் பூவை இவ்வளவு நேரம் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. பெயரை நீயே வை, பெண்ணே. இனி இந்தக் காடு உங்கள் இருவருக்கும் திறந்திருக்கும்."

"நிழலஞ்சி" என்றாள் சேந்தி, தரையைப் பார்த்தபடி.

அன்று முதல் அந்த நாட்டில் வழக்கம் மாறியது. உட்கார், பார், காத்திரு. யாரைவிடவும் அதிக நேரம் உட்கார்ந்தது அஞ்சுகம்தான். "இருட்டுது, எழுந்திரு அக்கா" என்று சேந்தியே அவளை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

வேங்கை பூக்கும் காலத்தில் நீங்களும் அந்தப் பக்கம் போனால் பாருங்கள். உங்கள் நிழல் பட்டதும் சின்ன வெள்ளைப் பூக்கள் மூடிக்கொள்ளும். மூடாத ஒன்றைக் கண்டால் வண்டு இருக்கிறதா, வாடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால், பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். உங்களைத் தெரிந்தவர் யாரோ அங்கே இருக்கிறார்.