முள்ளி கேட்ட கேள்வி

அநியாயம் நடந்தது முள்ளம்பன்றி முள்ளிக்கு. செய்தது புலியும் அல்ல, நரியும் அல்ல. அவள் தோண்டிய கிழங்கைத் தின்று வளர்ந்த அக்கம்பக்கத்து விலங்குகள்தாம்!

குளக்கரை நாவல் மரத்தடியில் முள்ளி வள்ளிக்கிழங்குக் கடை போட்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் ஆமை, தாமரை விதை விற்றான். அந்தப் பக்கம் அணில், இலந்தைப்பழம் விற்றாள். ஒரு கட்டு உலர்ந்த புல் கொடுத்தால் ஒரு கிழங்கு. அதுதான் அங்கே விலை.

ஒரு கோடைக் காலையில் யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வராமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வந்தார்கள்! கடைக்கு நேர் எதிரே வந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். நேற்றுவரை “அக்கா, அக்கா” என்றவர்கள்! நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?

காரணம் இதுதான். பாறைக்குப் பின்னால் பெருச்சாளி ஒருவன் பெரிய குகைக்கடை திறந்திருந்தான். எல்லோரும் அவனைப் பெருச்சாளி முதலாளி என்றார்கள். உள்ளே பட்டப்பகலிலும் மின்மினிகள் எரிந்தன. கூரையிலிருந்து நீர் சொட்டி, வெயில் நாளிலும் குகை ஜில்லென்று இருந்தது. கிழங்கு, விதை, பழம், தேன் எல்லாம் வரிசை வரிசையாக. எல்லாம் கழுவியது. எல்லாம் தேக்கிலையில் மடித்து முள் குத்தியது. வாசலில் ஒரு மைனா தொண்டை கிழியக் கத்தியது.

“ஒரு கட்டுப் புல்லுக்கு இரண்டு கிழங்கு! ஓடி வாங்க! ஒன்றுக்கு இரண்டு!”

யார்தான் போகமாட்டார்கள்?

முயல் சாம்பியும் போனாள். பாவம், அவளுக்கு வீடு நிறையக் குட்டிகள். ஒன்றை நக்கிச் சுத்தம் செய்வதற்குள் இன்னொன்று சேற்றில் விழும். கிழங்குக்கு ஒரு கடை, விதைக்கு ஒரு கடை, பழத்துக்கு ஒரு கடை என்று அலைய அவளுக்கு ஏது நேரம்? அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒளிந்து ஒளிந்து போனாள் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

ஒரு நாள் முள்ளி அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

“நில்லுடி! முதுகுக்குப் பின்னால் என்ன?”

“ஒன்றுமில்லை அக்கா. வால்தான்!”

“உன் வால் எப்போதிலிருந்து தேக்கிலை ஆனது?”

சாம்பியின் காதுகள் இரண்டும் தொங்கிப்போயின.

“அங்கே எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது அக்கா. கழுவிக்கூட வைத்திருக்கிறார்கள்.”

“குளம் பக்கத்தில்தானே இருக்கிறது? முக்கி எடுத்தால் கை தேய்ந்துவிடுமா?”

“அதோடு, நீ ரொம்பக் கேள்வி கேட்கிறாய் அக்கா!”

அது உண்மை. முள்ளியிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் கிழங்கு கேட்டாலும் முதலில் “யாருக்கு?” என்பாள். பால் மறந்த குட்டிக்கு என்றால் மாவுக்கிழங்கு. பல் விழுந்த கிழட்டு மானுக்கு என்றால் மெத்தென்ற நுனிக்கிழங்கு. பிறகு ஓரத்தைக் கடித்துத் தானே தின்று பார்ப்பாள். நாக்கு காறவில்லை என்றால்தான் கொடுப்பாள். போகும்போது கொசுறாக ஒரு துண்டு. இவ்வளவுக்கும் நேரம் ஆகும். பின்னால் நிற்கிற குரங்கு, “விற்கிறாயா, விருந்து வைக்கிறாயா?” என்று கத்தும்.

“சரி, போ,” என்றாள் முள்ளி. “ஒரே ஒரு கேள்வி. இத்தனை வருஷம் என்னிடம் வாங்கினீர்கள். என்னிடம் என்ன குறை கண்டீர்கள்? எல்லோரிடமும் போய்ச் சொல், இதற்கு யாராவது நேருக்கு நேர் பதில் சொல்லவேண்டும். இரண்டு மழைவரை பார்ப்பேன். பதில் வராவிட்டால் ஆற்றைத் தாண்டி அக்கரைக் காட்டுக்குப் போய்விடுவேன். இந்தக் கரையில் எனக்கு என்ன இருக்கிறது?”

சாம்பி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

வீட்டுக்குப் போய் இலையைப் பிரித்தாள். கிழங்கு என்ன அழகு! உருண்டையாக, வழவழவென்று இருந்தது. குட்டிகள் பாய்ந்து கடித்தன. அடுத்த நொடி வீடே அலறியது!

“அம்மா, நாக்கு அரிக்குது!”

“அம்மா, தொண்டையில் எறும்பு!”

அது வள்ளிக்கிழங்கு இல்லை. காட்டுக்கருணை! நாக்கில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும்.

சாம்பி பாதிக் கிழங்கையும் இலையையும் எடுத்துக்கொண்டு குகைக்கு ஓடினாள்.

“முதலாளி, இது காறுகிறது! திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்!”

பெருச்சாளி மீசையைத் தடவினான். “இலையைப் பிரித்துவிட்டாயே அம்மா. பிரித்ததைத் திருப்பி எடுப்பதில்லை.”

“பிரிக்காமல் எப்படித் தெரியும்?”

“அடுத்த முறை பிரிக்காமல் சாப்பிட்டுப் பார்!”

“இதைத் தோண்டினது யார்? அவரையாவது கூப்பிடுங்கள். கேட்கிறேன்.”

“யாரோ ஒரு காட்டுப்பன்றி. எனக்கென்ன தெரியும்? கிழக்குச் சரிவு முழுக்கப் பன்றிகள்தான் தோண்டுகின்றன. வருகிறது, கழுவுகிறோம், மடிக்கிறோம். நகரு, நகரு, பின்னால் கூட்டம் நிற்கிறது!”

சாம்பி வெளியே வந்தாள். அந்த இலையில் குத்தியிருந்த முள்ளை அப்போதுதான் கவனித்தாள். கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட முள். முள்ளி நடக்கும் வழியில் உதிர்ந்த முள்! அவள் பிழைப்பைக் கெடுத்தது போதாது என்று, அவள் முள்ளாலேயே பொட்டலமும் தைத்திருக்கிறார்கள்!

மறுநாள் விடியும்போது சாம்பி முள்ளியைத் தேடிப் போனாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதனால் பதுங்கிப் பதுங்கிப் பின்னால் போனாள். முள்ளி மேற்குச் சரிவில் ஏறினாள். அது முட்புதர் நிறைந்த இடம். பன்றிகள்கூட அங்கே மூக்கை நுழைப்பதில்லை.

காய்ந்துபோன ஒரு கொடியின் அடியில் முள்ளி தோண்டினாள். நேர்கீழே அல்ல, ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில். நீளக் கிழங்கு ஒன்று வெளியே வந்தது. அடிப்பாகத்தை மட்டும் கடித்து எடுத்துக்கொண்டாள். கொடி ஒட்டியிருந்த தலைப்பாகத்தை மறுபடி குழிக்குள் வைத்தாள். மண்ணைத் தள்ளி மூடினாள். மேலே சருகு போட்டு, வயிற்றால் அழுத்தினாள்.

“புதருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற காது யாருடையது?” என்றாள் திரும்பாமலே.

சாம்பி அசடு வழிய வெளியே வந்தாள். “அக்கா, பாதியை ஏன் திரும்பவும் புதைக்கிறாய்?”

“தலை இருந்தால்தானே கொடி வரும்?”

“எல்லாக் குழியிலும் இப்படியா செய்வாய்?”

“செய்யாவிட்டால் அடுத்த வருஷம் எதைத் தோண்டுவது, உன் காதையா?”

“இதையெல்லாம் எங்களிடம் சொன்னதே இல்லையே!”

“வாங்க வந்தவர்களிடம் கிழங்கைக் கொடுப்பேனா, கதை சொல்லிக்கொண்டிருப்பேனா? குரங்கு சும்மா விடுமா? சரி, பேச்சை மாற்றாதே. என் கேள்விக்குப் பதில் எங்கே?”

சாம்பி தரையைக் கீறினாள்.

“சரிதான்,” என்றாள் முள்ளி. அவள் குரல் முதல் முறையாக இறங்கியிருந்தது. “மழைதான் வரட்டும்.”

மழை வந்தது. இடித்து, மின்னி, மரங்களைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிவிட்டு நின்றது. இரண்டு வாரம் வெயில் அடித்தது. மறுபடி ஒரு மழை.

விடிந்ததும் விலங்குகள் தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு வந்தன. முதலில் வந்த மான் வாய் வைத்துவிட்டுத் துப்பியது. குளம் செக்கச்செவேல் என்று இருந்தது. ஆமை சேற்றிலிருந்து தலையை நீட்டி, “எனக்கு என் காலே தெரியவில்லை!” என்றான்.

எல்லோரும் கிழக்குச் சரிவைப் பார்த்தார்கள். அங்கே ஒரு பச்சை இல்லை. பன்றிகள் தலையோடு, வேரோடு பிடுங்கிய குழிகள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மண் கரைந்து, மலை தோல் உரித்த மாதிரி நின்றது. அந்த மண்தான் குளத்தில்!

குகைக்கு ஓடினார்கள். மின்மினிகள் இல்லை. வரிசைகள் இல்லை. பெருச்சாளி மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

“முதலாளி, நாங்கள் இனி என்ன சாப்பிடுவது?”

“அது என் கவலையா? இங்கே தோண்ட ஒன்றும் மிச்சம் இல்லை. வடக்கே இன்னொரு காடு இருக்கிறதாம். மைனா அங்கே கத்த ஆரம்பித்துவிட்டது!”

போயே போய்விட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல் தடுக்கி விழவில்லை, வெள்ளம் அடித்துப் போகவில்லை. கதையில் வேண்டுமானால் அப்படி எழுதலாம். இவன் கொழுத்த உடம்போடு, குறுக்கு வழியில், சீட்டி அடித்துக்கொண்டு போனான்.

அப்போதுதான் சாம்பி மேற்குப் பக்கம் திரும்பினாள்.

“அங்கே பாருங்கள்!” என்றாள்.

மேற்குச் சரிவு எழுந்துகொண்டிருந்தது! அப்படித்தான் இருந்தது பார்க்க. முட்புதர்களைக் காணோம். அவற்றின் மேல் வள்ளிக்கொடிகள் ஏறியிருந்தன. கொடிமேல் கொடி, அதன்மேல் இன்னொரு கொடி. இதய வடிவ இலைகள் கோடி கோடியாக விரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மழைத்துளி. ஒவ்வொரு துளியிலும் ஒரு சூரியன். பற்ற இடம் கிடைக்காத இளந்தளிர்கள் காற்றில் கை நீட்டிப் பக்கத்துத் தளிரைப் பிடித்துக்கொண்டன. அங்கிருந்து இறங்கிய ஓடை மட்டும் கண்ணாடி போலத் தெளிந்து வந்தது. மழை பெய்த மலையிலிருந்து ஒரு துளி மண்கூட அந்த வழியில் இறங்கவில்லை. கொடிகளின் வேர் அத்தனையையும் பிடித்து வைத்திருந்தது.

எப்போதும் வம்பு பேசும் குரங்குகூட மரத்திலிருந்து இறங்கித் தரையில் நின்றது.

சாம்பி கண்ணால் எண்ணிப் பார்த்தாள். அது எத்தனை வருஷத்துக் குழிகள்! அவள் குட்டியாக இருந்தபோது தின்ற கிழங்கின் தலை அங்கே இருந்தது. அவள் அம்மா தின்றதும் இருந்தது. அந்தக் காட்டில் இருந்தவர்கள் முள்ளியிடம் வாங்கித் தின்று முடித்த ஒவ்வொரு கிழங்கும் தீரவே இல்லை. உயிரோடு, பச்சையாக, அவர்கள் கண்ணெதிரே மலையேறி நின்றது!

“முள்ளியக்கா எங்கே?” என்று மான் கேட்டது.

நாவல் மரத்தடி காலியாக இருந்தது.

சாம்பி ஓடினாள். முயல் ஓட்டம் என்றால் என்ன என்று அன்றுதான் காடு பார்த்தது. மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். ஆற்றங்கரையில் முள்ளி நின்றாள். வாயில் கடைசிக் கிழங்கு ஒன்று. முன்கால்கள் இரண்டும் ஏற்கெனவே தண்ணீருக்குள்.

“அக்கா, போகாதே!”

முள்ளி கிழங்கைக் கரையில் வைத்தாள். “என் கேள்விக்குப் பதில் கொண்டுவந்தீர்களா?”

“வெயில் அதிகமாக இருந்தது அக்கா,” என்றது மான்.

“வெயில் எனக்கும்தான் அடித்தது.”

“எல்லோரும் போனார்கள், நானும் போனேன்,” என்றது குரங்கு.

“எல்லோரும் என்றால் யார்? உன்னைத் தவிர மற்றவர்களா?”

“எனக்குக் கால் வலி...” என்று காட்டெருமை இழுத்தது.

“குகை என் கடையைவிடத் தூரம்!” முள்ளி இன்னும் ஓர் அடி தண்ணீருக்குள் வைத்தாள். நீர் அவள் வயிற்றைத் தொட்டது.

சாம்பி தண்ணீருக்குள் இறங்கி அவள் எதிரே போய் நின்றாள். முயலுக்குத் தண்ணீர் என்றால் எவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

“உன்னிடம் ஒரு குறையும் இல்லை அக்கா! குறை எங்களிடம். அங்கே ஜில்லென்று இருந்தது. ஒன்றுக்கு இரண்டு கொடுத்தான். யாருக்கு, எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சுகத்துக்காக உன்னை விட்டோம். உன் கையில் இருந்த கிழங்கைத்தான் பார்த்தோம். நீ மண்ணில் விட்டுவந்ததைப் பார்க்கவில்லை. இனி புல்லுக்கட்டு உன் கடைக்குத்தான் வரும். வரிசையில் நிற்கிறேன். குரங்கு கத்தினால் கத்தட்டும்!”

முள்ளி அவளை மூக்கால் கரைக்குத் தள்ளிவிட்டாள். அப்புறம் கரையேறினாள். முட்களைச் சிலிர்த்து ஒரு உதறு உதறினாள். எல்லோர் மூஞ்சியிலும் ஆற்றுத் தண்ணீர் தெறித்தது. ஒருவரும் துடைக்கவில்லை.

“அந்தக் கிழங்கு எனக்கு வேண்டும் அக்கா,” என்றாள் சாம்பி.

முள்ளி கிழங்கை எடுத்தாள். ஓரத்தைக் கடித்து, மென்று, விழுங்கிப் பார்த்தாள். பிறகு வழக்கம்போலக் கேட்டாள்.

“யாருக்கு?”

“என் குட்டிகளுக்கு அக்கா! இன்றைக்கு நான் யாரிடம் வாங்குகிறேனோ, அவர் விட்டுவைக்கிற காட்டில்தான் நாளைக்கு அதுகள் வாழவேண்டும்!”