உஷார் நண்பன்

சிவசைலம் அறுபதைத் தாண்டியவர். அவருடைய குரு ஆவுடையம்மாளுக்கு நாற்பதுதான் இருக்கும். இதில் தனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு தையல் மிஷின் கடைக்கு மேலே, மாடியில் ஒரே ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஐந்தாறு பேர் அங்கே போய் உட்காருவோம். அம்மா பிரசங்கம் செய்ய மாட்டார். யாராவது கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் சொல்லாமல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார். அதுதான் பதில் என்று நாங்களாக எடுத்துக்கொள்வோம்.

அன்றைக்கு சிவசைலம் முதல் ஆளாக வந்திருந்தார். செல்போனைச் சட்டைப் பையில் போட்டு, பையின் வாயை ஊக்கு குத்தி மூடியிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா?" என்றார் அம்மா.

நாங்கள் சிரித்துவிட்டோம். சிவசைலத்தின் சந்தேகம் ஊரறிந்தது. கூட்டுறவுப் பண்டகசாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசில் ஏறிய எதையும் இன்னொரு தரம் நிறுத்துப் பார்த்த கை. ஆனால் இப்போதைய சந்தேகம் வேறு ரகம். சில மாதங்களாக, விடிந்ததும் 'உஷார் நண்பன்' என்றொரு சேனலைக் கேட்கிறார். எந்த ஆப்பில் என்ன புதிதாக வந்திருக்கிறது, எந்த அனுமதியை அணைத்து வைக்க வேண்டும், எந்த லிங்க்கைத் தொடக்கூடாது, பென்ஷன்காரர்கள் பணத்தை எங்கே போட்டால் வட்டி கூட வரும், நடுவில் கரண்ட் பில் குறைக்க ஒரு யோசனை. பேசுகிற பையனுக்கு நல்ல குரல். "காப்பி குடிச்சீங்களா ஐயா?" என்றுதான் ஆரம்பிப்பான்.

கேட்கக் கேட்க சிவசைலத்துக்கு உலகமே திருடனாகத் தெரிந்தது. டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை நகத்தால் சுரண்டி, அடியில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்தார். டீக்கடைக்காரர் இப்போது அவரைத் தெருமுனையில் கண்டதுமே அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறார். போன் பூட்டின் எண்ணை மனைவி பகவதியிடம்கூடச் சொல்லவில்லை. வங்கியிலிருந்து வீடு தேடி வந்த பெண்ணை, கேட்டைத் திறக்காமல் வெயிலில் நிறுத்தி, அடையாள அட்டையைக் கம்பி வழியாக வாங்கிப் பகவதியிடம் கொடுத்து, "இந்த மூஞ்சி அந்த மூஞ்சிதானா பாரு" என்றார்.

மகள் விஷயத்தில்தான் எங்களுக்கே மனசு கேட்கவில்லை. வடிவு புனேயில் இருக்கிறாள். அவள் கூப்பிட்டது, யார் குரலையும் கம்ப்யூட்டர் அப்படியே செய்துவிடுகிறது என்று உஷார் நண்பன் சொன்ன வாரத்தில். "நீ வடிவுதான்னா, சின்னப் பிள்ளையில எந்தக் கால்ல சைக்கிள் செயின் கிழிச்சுது, சொல்லு" என்று கேட்டார் இவர். அவள் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

"சொல்லுங்க ஐயா, என்ன சந்தேகம்?" என்றார் அம்மா.

"பற்றை விடணும், பற்றை விடணும்னு சொல்லுதீங்க. நான் இப்ப எவனையும் நம்புறதில்ல. பொண்டாட்டி பிள்ளையக்கூட நம்புறதில்ல. அப்ப நான் பற்றை விட்டுட்டேன்னு வச்சிக்கிடலாமா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

"எவனையும் நம்புறதில்லையா?"

"எவனையும்."

"பேங்க்க?"

"அதை முதல்ல விட்டாச்சு. ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும் அங்கதான் டெபாசிட்ல கெடந்துது. முதிர்வாயிட்டு. திரும்பவும் அவங்கிட்டயே போடாதீங்கன்னு உஷார் தம்பி சொல்லிட்டான். 'நண்பன் பெட்டகம்'னு அவனே ஒரு ஆப் விட்டிருக்கான். அதுல போட்டா எந்தத் திருடனும் கை வைக்க முடியாது. போன் முழுசையும் அதுவே பாத்துக்கிடும். நாம ஒரே ஒரு தடவை சம்மதம்னு அமுக்கினாப் போதும்."

"அமுக்கிட்டீங்களா?"

"எமகண்டம் முடியட்டும்னு இருக்கேன். ஒன்றரைக்கு மேலன்னு தம்பிகிட்டயும் போன்ல சொல்லியிருக்கேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பகவதியின் மூட்டு ஆபரேஷனுக்கும், அவர்கள் இருவரின் மிச்ச காலத்துக்கும் இருப்பது அந்தப் பணம் ஒன்றுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'உனக்கு இதில் என்ன ஆதாயம்?' என்பதுபோல சிவசைலம் பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டார்.

அம்மா எழுந்து ஜன்னலுக்குப் போனார். சாத்தவில்லை. கீழே எட்டிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து சிவசைலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, பதறாதீங்க. கீழ ரெண்டு பேரு நிக்காங்க. உங்க வண்டியக் காட்டி என்னமோ பேசுதாங்க. ஒருத்தன் மாடியையே பாக்கான்."

சிவசைலத்தின் கை நேராகச் சட்டைப் பைக்குப் போனது.

"நெனச்சேன். வீட்டுல இருந்தே பின்னால வந்திருக்கானுவ."

"போனோட கீழ போகாதீங்க. எங்கிட்ட குடுத்துட்டு, போய் வண்டியப் பாத்துட்டு வாங்க. நான் பத்திரமா வச்சிருக்கேன்."

ஊக்கைக் கழற்றினார். போனைக் கொடுத்தார்.

"பூட்டு எண்ணையும் சொல்லிட்டுப் போங்க. அவசரத்துக்கு உங்க வீட்டுக்குக் கூப்பிடணும்னா?"

அவர் குனிந்து அம்மாவின் காதில் சொன்னார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நல்ல வேளை, நீங்க பாத்தீங்க" என்று கும்பிட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா எங்களைப் பார்க்கவில்லை.

மூச்சு வாங்க மேலே வந்தார் சிவசைலம். "கீழ யாரும் இல்லையேம்மா. கடை பூட்டிக் கெடக்கு. வண்டி வச்ச இடத்துல நிக்குது. ஒரு நாய்தான் படுத்திருக்கு."

"ஆமா, யாரும் இல்ல."

"ஓடிட்டானுவளா?"

"வரவே இல்ல ஐயா."

அவருக்குப் பிடிபடவில்லை. "பின்ன நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்" என்றார் அம்மா. "இப்ப போன் எங்கிட்ட இருக்கு."

போன் அவர் மடியில் பூட்டுத் திறந்து கிடந்தது. சிவசைலத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். "எங்கிட்டயே உங்க..." என்று ஆரம்பித்தார். அதற்குள் போன் அடித்தது. திரையில் 'உஷார் தம்பி' என்று வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டு, நடுத்தரையில் வைத்தார்.

"ஐயா, காப்பி குடிச்சீங்களா?" அதே நல்ல குரல். "உங்களுக்குன்னு ஒரு எச்சரிக்கை சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க ஊர்ப் பக்கம் ஒரு கும்பல் இறங்கியிருக்கு. பேங்க் ஆளு மாதிரியே வருவாங்க. சொந்தப் பிள்ளைங்க குரல்லயே பேசுவாங்க. யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க. எமகண்டம் முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம் ஐயா, இப்பவே அந்தச் சம்மதத்தை அமுக்கிடுங்க. அதுக்கப்புறம் எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்."

சிவசைலம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே ஜன்னலைப் பார்த்தார். அம்மா நின்று எட்டிப் பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா? லைன்ல இருக்கீங்களா?" குரல் கொஞ்சம் இறங்கியது. "பக்கத்துல யாரும் இருக்காங்களா ஐயா?"

சிவசைலம் மெதுவாகக் குனிந்து, ஒரு விரலால் இணைப்பைத் துண்டித்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். போன் மறுபடியும் அடித்தது. அவர் தொடவில்லை. அடித்து ஓய்ந்தது.

"பயமா இருக்கும்மா" என்றார் கடைசியில். "டீக்கடைக்காரன நம்பல. பெத்த பிள்ளைய நம்பல. இவன் ஒருத்தன் சொன்னான்னு யாரையும் நம்பல."

அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"இனி நான் யாரத்தான் நம்ப? உங்களயாவது நம்பலாம்லா?"

அம்மா போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"முதல்ல பூட்டு எண்ண மாத்துங்க ஐயா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."