ஓர நூலைக் குடுத்த வெளிச்சம்

அந்தக் காலத்துல சூரியன் கிடையாது, பூமி கிடையாது. ஆனா நட்சத்திரம் பேசும், மேகம் பேசும், வெளிச்சமும் பேசும். வேலை கம்மி, பேச்சு ஜாஸ்தி.

ரொம்பத் தூரத்துல ஒரு கருந்துளை உட்கார்ந்திருந்துச்சு. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே வார்த்தை: "அடுத்தது யாரு?" பக்கத்துல வந்த நட்சத்திரம், தூசி எல்லாம் அதைச் சுத்தி வரிசையில நின்னுச்சு. பந்தி வரிசைதான். என்ன, நின்னவங்கதான் சாப்பாடு. ஒருத்தரை ஒருத்தர் இடிச்சு நெருக்கினதுல எல்லாருக்கும் உடம்பு கொதிச்சு, அந்த இடமே தகதகன்னு எரிஞ்சுது. அதைத்தான் இப்போ குவேசார்ங்கிறாங்க.

அந்த வரிசையில செவ்வந்தின்னு ஒரு நட்சத்திரம். பாதி உடம்பு உள்ள போயாச்சு. தன்கிட்டேருந்து கடைசியா கிளம்பின வெளிச்சத்தைக் கூப்பிட்டா.

"தம்பி, நான் இனிமே வெளிய வரப்போறதில்ல. நீ இந்தத் துணியைக் கொண்டு போ. ஏழு கலரும் இருக்கு. ஊதாவுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஓரமும் இருக்கு. யாருக்காவது விரிச்சுக் காட்டு. நாங்க இங்க இருந்தோம்னு தெரியட்டும்."

"பாக்கறதுக்கு யாரு இருக்கா அக்கா?"

"இப்போ யாரும் இல்ல. நீ போய்ச் சேர்றதுக்குள்ள பொறந்திருப்பாங்க. ஒரு நூல் குறையக் கூடாது, தெரியுதா?"

"சரிக்கா."

வெளிச்சம் கிளம்புச்சு. நூறு கோடி வருஷம் ஓடுச்சு. உக்கார இடம் இல்ல. இருந்திருந்தாலும் வெளிச்சத்துக்கு உக்காரத் தெரியாது.

வழியில ஒரு மேகம், இருட்டுக்குள்ள நடுங்கிக்கிட்டு நின்னுச்சு.

"ஐயா, குளிருது. ஒரு நூல் குடுங்க."

"முடியாதும்மா. முழுசா சேக்குறேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"துணியைக் குடுத்தவங்களைப் பத்திச் சொல்ல நீங்க இருக்கீங்க. நான் இங்க நிக்கிறேன்னு சொல்ல யாரு இருக்கா?"

வெளிச்சத்துக்கு வாதாடத் தெம்பு இல்ல. யோசிச்சுது. ஓர நூல்தான் கண்ணுக்கே தெரியாதே, எடுத்தா யாருக்குத் தெரியப்போவுது? ஒண்ணை உருவிக் குடுத்துட்டு ஓடுச்சு.

வந்த வினை அதுதான். வெளிச்சத்தை விட வேகமா எதுவும் போகாதுன்னு சொல்வாங்க. நூல் குடுத்த சேதி மட்டும் முந்திப் போச்சு. அடுத்த மேகம் கையை நீட்டிக்கிட்டுத் தயாரா நின்னுச்சு. அதுக்கடுத்ததும் அப்படியே. எல்லாரும் கேட்டது அதே ஓர நூலைத்தான்.

இதுக்கு நடுவுல வானமே விரிஞ்சு விரிஞ்சு, போற வழி தானா நீண்டுக்கிட்டே போச்சு. வழியோட சேந்து துணியும் இழுபட்டுச்சு. ஊதா இருந்த இடம் பச்சையாச்சு, பச்சை சிவப்பாச்சு. ஒளிஞ்சிருந்த ஓரம் கொஞ்சம் கொஞ்சமா நடுவுக்கு வந்துச்சு, உருவின இடமெல்லாம் பளிச்சுன்னு தெரிய. பழைய ஓட்டை நடுவுக்கு நகர நகர, அது விட்ட ஓர இடத்துல புது ஓட்டை.

ஒரு வழியா பூமியில, ஒரு மலை மேல இருந்த தொலைநோக்கிக்குள்ள வந்து விழுந்துச்சு. நடந்ததைச் சொல்லலாம்னா, பேசற காலம் முடிஞ்சு போயிருந்துச்சு.

அதைக் கலர் கலராப் பிரிச்சு, மறுநாள் மத்தியானம் திரையில போட்டுப் பாத்தாங்க மரகதவல்லி. வானத்தை ஆராய்ச்சி பண்றவங்க. பக்கத்துல தேவசகாயம், மெஷின்களைப் பாத்துக்கிறவர்.

"என்ன மேடம் இது, பல்லு போன சீப்பு மாதிரி? கண்ணாடியில தூசி போல. அழிச்சிடவா?"

"இருங்கண்ணே. தூசின்னா பக்கத்து நட்சத்திரத்துலயும் இருக்கணும்ல? அது சுத்தமா வந்திருக்கு."

"அப்போ வழியில எவனோ கை வச்சிருக்கான்."

"எவனோ இல்ல, எவனெல்லாமோ. வழியில நின்ன மேகமெல்லாம் ஒரே கலரை, நூல் உருவுற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்திருக்கு. இந்தப் பெரிய மேடு தெரியுதா? அனுப்பினவங்க எரிஞ்ச இடம். அதுக்குப் பக்கத்துக் கோடு மொத ஆள். இந்தக் கடைசிக் கோடு, நமக்குக் கிட்ட இருக்கிற ஆள்."

"மொத்தம் எத்தனை பேரு?"

மரகதவல்லி பென்சிலை வச்சு எண்ணி முடிச்சாங்க. டீ ஆறிப் போச்சு.

"நாப்பத்தேழு."

தேவசகாயம் அழிக்கிற பட்டன்லேருந்து விரலை எடுத்தாரு.

"ஒருத்தர் சேதியைக் குடுத்து அனுப்பினா, நாப்பத்தெட்டுப் பேரு சேதியைத் தூக்கிட்டு வந்திருக்கு. பாவம், இந்த வெளிச்சம் நல்லா அசந்துதான் வந்திருக்கும்."

அன்னைக்கு அந்த மொத மேகத்துக்கிட்ட இல்லேன்னு சொல்ல வெளிச்சத்துக்கு வாய் வரல. அன்னையிலேருந்துதான், ரொம்பத் தூரத்து வெளிச்சம் நீண்ட வழியில செவந்து, ஓர நூல் போன இடமெல்லாம் கறுப்புக் கோடா நம்மகிட்ட வந்து சேருது.