பொங்கி வழிந்த பானை

பொங்கலுக்குத் திருப்பூரே காலியாகிவிட்டது. பனியன் கம்பெனி வாசலில் காவல்காரர் பேச்சிமுத்து மட்டும் மூன்றாவது வருஷமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். லீவு கேட்டவரிடம் முதலாளி தன் போனை நீட்டினார்.

"இதைக் கையில வச்சு ஓடினா, ஓடுற வழி மேப்புல கோடா விழும். தெருத்தெருவா ஓடி, அதுல பொங்கப்பானை வரைஞ்சுட்டு வா. நான் ஓடினதா எல்லாருக்கும் காட்டணும். பானை பொங்கி வழியணும். வழியாம கம்பெனிக்குள்ள கால் வைக்காதே."

"வழியுறது எதுவரைக்கும் போகலாம், முதலாளி?"

"எதுவரைக்கும் போனா எனக்கென்ன?"

பேச்சிமுத்து ஆளில்லாத தெருக்களில் ஓடிப் பானையை வரைந்தார். பானையின் வாயிலிருந்து கிளம்பிய கோடு ஊரைத் தாண்டி, பக்கத்துக் கிராமத்தில் அவர் வீட்டு அடுப்படியில் போய் நின்றது. போன் அடித்தது. கம்பெனி போனிலிருந்து முதலாளிதான்.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச?"

"வீட்டுக்கு. வழிஞ்சது அடுப்புலதானே முதலாளி விழும்?"

"இங்க காவலுக்கு நான் ஒருத்தன் தனியா உட்கார்ந்திருக்கேன்யா."

"தெரியும் முதலாளி. மூணு பொங்கலா நான் உட்கார்ந்த நாற்காலிதான் அது."