போடாத ஹீட்டர்

"எல்லாம் மாத்திட்டேனுங்க. குளுமை மட்டும் வரமாட்டீங்குது" என்றார் சுந்தரவடிவேல்.

கேட்டுக்கொண்டிருந்தவள் ரெஜினா. மேட்டுப்பாளையத்தில் கார் ஏசி வேலை பார்ப்பவள்.

சுந்தரவடிவேல் அவளைவிட இருபது வயது மூத்தவர். அரிசி மண்டியை மச்சினனிடம் தள்ளிவிட்டு, ஐம்பது வருஷத்துக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு, அவளிடம் தொழில் கற்க வந்தவர். பழைய கார்ப் பைத்தியம் முற்றினால் இப்படித்தான்.

"என்னென்ன மாத்துனீங்கண்ணா?"

"கம்ப்ரசர் புதுசு. கேஸ் அடிச்சாச்சு. லீக் ஒரு பொட்டு இல்லீங்க."

"என்ன அவசரம்?"

"குன்னூர் போயி மகளைக் கூட்டியாரோணும். தலைப்பிரசவம். இந்த வெயில்ல வேர்க்க விறுவிறுக்கக் கொண்டார முடியுங்களா?"

"வாரேன்னு சொல்லிருச்சுங்களா?"

சுந்தரவடிவேல் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"இல்லீங்க. அதுவாக் கல்யாணம் பண்ணிக்கிட்டு மூணு வருசமாச்சு. கோவமெல்லாம் எப்பவோ விட்டுட்டேன். வளையல் அனுப்புனேன், தொட்டில் அனுப்புனேன், வாரம் தவறாம போன் பண்றேன். ரெண்டு வார்த்தை பேசுது, வெச்சிருது. நான் இன்னும் என்னதானுங்க பண்றது?"

ரெஜினா பானெட்டைத் தூக்கிவைத்து இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். பிறகு ஒரு ரப்பர் குழாயைக் காட்டினாள்.

"இதைத் தொடுங்க."

தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இது ஹீட்டர் குழாயாச்சுங்களே. நான் ஹீட்டரே போடலியே."

"போடலைங்க. மூடியிருக்குதா?"

"உள்ளே நாப் ஆஃப்லதானுங்க இருக்குது."

"நாப் இருக்குது. அதுலருந்து சுடுதண்ணி வால்வுக்கு வர்ற கம்பி அந்து கெடக்குது."

இஞ்சினில் கொதித்த தண்ணீர் இத்தனை நாளும் டாஷ்போர்டுக்குள் ஓடி, வந்த குளிரையெல்லாம் தின்றுகொண்டிருந்தது.

ரெஜினா கிளாம்பு போட்டுக் குழாயை நெரித்தாள். சற்று நேரத்தில் காற்று சில்லென்று வந்தது. சுந்தரவடிவேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"குளுமை மொதல்லருந்தே வந்துட்டுத்தான் இருந்துருக்குதுங்க."

"ஆமாங்கண்ணா. உங்க மாப்பிள்ளை பேரு என்ன?"

"அந்தப் பையனா? எதுக்குங்க?"

"பேரைத்தான் கேட்டேன்."

பெயர் தெரியாமல் இல்லை. சொல்லத்தான் வாய் வரவில்லை. போனில் மகளிடம் கேட்கும்போதுகூட, "அவன் வேலைக்குப் போறானா, இல்லியா?" என்றுதான் கேட்பார். வாரம் தவறாமல் கேட்பார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ரெஜினா ஸ்பேனர்களை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சுந்தரவடிவேல் சீட்டில் இருந்தபடியே போனை எடுத்தார்.

"சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

"ஜோயல் பக்கத்துல இருக்காராம்மா? அவர்கிட்டக் கொஞ்சம் குடு."